வட்ஸ்அப்போ, டராஸோ, சொந்த வெப்சைற்றோ: வீட்டில இருந்து விக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு எது சரிவரும்?

எங்கட பக்கத்தில வீட்டில இருந்து ஏதாவது செய்து ஓன்லைன்ல விக்கிறவை இப்ப கனபேர். மிளகாய்த்தூள் வறுத்து அரைச்சு விக்கிறவை, ஒடியல் மா, பனங்கட்டி, பனாட்டு விக்கிறவை, சாறி எடுத்து விக்கிற அக்காமார், கேக் அடிக்கிற பிள்ளையள், பனையோலையில கூடை பின்னுறவை எண்டு. கொஞ்சம் ஓடர் வரத் தொடங்கின உடன எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும், பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் போதுமா, டராஸ் எண்ட ஓன்லைன் சந்தையில கடை போடுறதா, இல்லாட்டி காசு செலவழிச்சுச் சொந்தமா ஒரு வெப்சைற் செய்யிறதா எண்டு.

கேட்டா ஒவ்வொருத்தரும் ஒண்டு சொல்லுவினம். வெப்சைற் செய்து குடுக்கிற தம்பி வெப்சைற் இல்லாட்டி வளரவே ஏலாது எண்டுவார், கொழும்பில இருக்கிற மச்சான் டராஸில போடு எண்டுவார், பக்கத்து வீட்டு அக்கா ஸ்டேற்றஸ் போட்டாலே எனக்கு ஓடர் வருது, வேற ஒண்டும் தேவையில்ல எண்டுவா. மூண்டு பேரும் பொய் சொல்லேல்ல, அவையவைக்குச் சரிவந்ததைச் சொல்லினம். நாங்கள் வீட்டில தூளும் பனஞ்சாமானும் செய்து மூண்டு வழியிலயும் அனுப்பிப் பாத்தனாங்கள், அதால நான் சொல்லுற கணக்கு அந்தச் சாமானை வச்சுத்தான் இருக்கும், ஆனா கணக்குப் பாக்கிற முறை சாறிக்கும் கூடைக்கும் அதேதான்.

பொதுவா ஆக்கள் முதல்ல பாக்கிறது கொமிசன் எவ்வளவு எண்டு. நான் முதல்ல பாக்கிறது காசு எத்தினை நாள் வெளிய நிக்குது எண்டு. ஏனெண்டா எங்கள மாதிரிச் சின்ன ஆக்களுக்குக் கடன் தர ஒருத்தரும் இல்ல. சுன்னாகம் சந்தையிலயோ திருநெல்வேலியிலயோ செத்தல் மிளகாய் வாங்கப் போனா கையில காசு குடுக்கோணும், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் அப்பிடித்தான், அரைக்கிற மில்லில காசு, பைக்கும் லேபிளுக்கும் காசு, கூரியர்காரருக்குக் காசு. செத்தல் மிளகாய் விலை இறங்கிற நேரத்தில வாங்கி வெயில்ல காய விட்டு வைக்கக் கூடியவைக்குத்தான் வருசம் முழுக்க லாபம் நிக்கும், அந்த நேரத்தில உங்கட முதல் ஆற்றையோ கணக்கில முடங்கிக் கிடந்தா விலை ஏறின பிறகுதான் வாங்க வேண்டி வரும். கொமிசன் கூடின இடத்தில கூட யாவாரம் ஓடும், காசு சுத்தாத இடத்தில ஓடாது.

ஒரு பேச்சுக்கு ஒரு கணக்கு வைப்பம், பிறகு எல்லா வழிக்கும் இதையே போட்டுப் பாக்கலாம். ஒரு கிலோ தூள் 2,500 ரூவாக்கு விக்கிறியள், சாமான், மில், பை எல்லாம் சேத்து 1,900 முடியுது, மிச்சம் 600. கூரியர் செலவு 450 எண்டு வையுங்கோ, அதை வாங்கிறவர் தாறார். உங்கட விலை வேறயா இருக்கும், உங்கட எண்ணைப் போட்டுப் பாருங்கோ.

முதல்ல வட்ஸ்அப், பேஸ்புக். இது தொடங்கச் செலவில்லாத வழி எண்டபடியாத்தான் எல்லாரும் இதில தொடங்கினம், ஆனா இதின்ர மெய்யான பலம் அதில்ல. வாங்கிறவர் முதல்ல காசைப் போட்டிட்டுத்தான் நீங்கள் பார்சல் கட்டுறியள், அதுதான் பலம். இப்ப ஒரு பாங்கில இருந்து இன்னொரு பாங்குக்கு ஓன்லைன்ல போடுற காசு உடன வந்து விழுது, சின்னக் கட்டணம்தான். அப்ப 2,500 ரூவாவும் கூரியர் காசும் உங்கட கையில வந்த பிறகுதான் செலவே தொடங்குது, முடங்கின நாள் எண்டு ஒண்டும் இல்ல. வாங்கிறவரிட காசிலயே அடுத்த மூடை மல்லி வாங்கலாம். இந்த வசதி டராஸும் தராது, பெரிய சுப்பர்மார்க்கெற்றும் தராது.

ஒரு விசயத்தில மட்டும் கண்ணா இருக்கோணும். காசு போட்டாச்சு எண்டு ஸ்கிரீன்ஷொட் வரும், அதைப் பாத்து பார்சலைக் கட்டாதேங்கோ, உங்கட பாங்க் அப்பைத் திறந்து காசு வந்திருக்கா எண்டு பாத்திட்டுக் கட்டுங்கோ. ஸ்கிரீன்ஷொட்டை மாத்திறது இப்ப சின்னப் பிள்ளைக்கும் ஏலும்.

வட்ஸ்அப்பில சாதாரணக் கணக்கை வச்சு யாவாரம் செய்யிறவை இன்னும் இருக்கினம், தயவுசெய்து வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மாறுங்கோ, அது 2018 இல இருந்து சும்மா கிடைக்குது. அதில கற்றலொக் போடலாம், ஒவ்வொரு சாமானுக்கும் படம், நிறை, விலை. காசு வந்தது, வரவேண்டியது, பார்சல் போனது எண்டு ஆக்களுக்கு லேபிள் போட்டு வைக்கலாம், இரவு பதினொரு மணிக்கு எந்த அக்காக்கு எவ்வளவு அனுப்பினது எண்டு மேல கீழ தேடத் தேவையில்ல. புது மா வந்திருக்கு எண்டு ஒரே நேரத்தில எல்லாருக்கும் அனுப்பிற ப்ரோட்காஸ்ட் லிஸ்ட்டில 256 பேரைத்தான் ஒரு லிஸ்ட்டில போடலாம், அதிலயும் உங்கட நம்பரைத் தங்கட போனில சேவ் பண்ணினவைக்குத்தான் அது போய்ச் சேரும். அதால முதல் ஓடரிலயே "அக்கா, என்ர நம்பரை ஒருக்கா சேவ் பண்ணி விடுங்கோ, அடுத்த முறை புதுசு அரைக்கேக்க சொல்லுறன்" எண்டு கேட்டு வைக்கோணும். கேட்டா ஆக்கள் செய்வினம், கேக்காட்டி ஒருத்தரும் செய்யாயினம்.

பேஸ்புக் பக்கத்தில விலை போடாமல் இன்பொக்ஸில வாங்கோ எண்டு எழுதிற பழக்கத்தை விடோணும் எண்டு நான் ஆரைக் கண்டாலும் சொல்லுவன். விலை தெரியாத சாமானுக்கு மெசேஜ் போட்டுக் கேக்கிறதுக்குக் கூச்சப்படுற ஆக்கள் எங்கட ஊரில கனக்க, கேட்டிட்டு வாங்காமல் விட்டா என்ன நினைப்பினமோ எண்டு கேக்காமலே போயிடுவினம். விலையும் நிறையும் கூரியர் காசும் படத்திலயே கிடக்கட்டும். தமிழில எழுதிப் போட்டு அதுக்குக் கீழ ரெண்டு வரி சிங்களத்தில போட்டா குருநாகல்ல இருக்கிற ஆளும் வாசிப்பார். விளம்பரம் போடுறதெண்டா கார்ட்டால காசு போகும், உங்கட விளம்பரக் கணக்கு டொலரில இருந்தா ரூவா இறங்கேக்க விளம்பரச் செலவும் ஏறும், அதை மறந்திடாதேங்கோ.

இந்த வழியின்ர பலவீனம் ரெண்டு. ஒண்டு நேரம். ஒவ்வொரு ஓடரும் ஒரு கதை, காரம் எப்பிடி, கறிவேப்பிலை போட்டதோ, ஊரில எவடம், என்ர அம்மாவும் அவடத்து ஆள்தான் எண்டு போகும், அந்தக் கதையாலதான் விக்குது எண்டதும் உண்மை, ஆனா நாளைக்கு இருபது பேர் கதைச்சா மற்ற வேலை நிண்டு போகும். மற்றது, கடை மற்ற ஆளின்ர காணியில நிக்குது. இது வெறும் பயமில்ல. 2018 மார்ச்சில கண்டிப் பக்கத்துக் கலவரத்தோட அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப்பை மறிச்சது, 2019 ஏப்ரல்ல குண்டுவெடிப்புக்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல மறிச்சது, 2022 ஏப்ரல்ல போராட்ட நேரமும் மறிச்சது, இதுக்கிடையில 2021 ஒக்டோபர் 4 இல அவையின்ர பக்கத்துப் பிழையாலயே பேஸ்புக், இன்ஸ்ரகிராம், வட்ஸ்அப் மூண்டும் ஆறு மணித்தியாலம் அளவில உலகம் முழுக்க விழுந்து கிடந்தது. அதால வாங்கினவையின்ர பேரும் நம்பரும் விலாசமும் ஒரு கொப்பியிலயோ எக்செல்லிலயோ தனிய இருக்கோணும். நம்பர் இருந்தா போன் அடிச்சுக் கதைக்கலாம், சாதாரண எஸ்எம்எஸ் போடலாம். வட்ஸ்அப்புக்குள்ள மட்டும் இருந்தா போன் துலைஞ்ச அண்டைக்கு யாவாரமும் துலைஞ்சு போகும்.

இதுக்குள்ள ஒரு பெரிய கிளை இருக்கு, கேஷ் ஒன் டெலிவரி. கொழும்பு, கண்டி, காலிப் பக்கத்தில உங்களைத் தெரியாத ஆள் முதல்ல காசு போடமாட்டார், சாமான் வரட்டும் தாறன் எண்டுவார். டொமெக்ஸ், கூம்பியோ மாதிரிக் கூரியர்காரர் காசை வாங்கித் தருவினம், தபால் திணைக்களத்தின்ர கூரியரிலயும் அந்த வசதி இருக்கு. வசதி நல்லது, ஆனா கணக்கை ஒருக்கா வடிவாப் பாருங்கோ.

பத்துப் பார்சல் அனுப்புறியள், அதில ரெண்டு திரும்பி வருது. போன் எடுக்கேல்ல, வீட்டில ஆள் இல்ல, மனம் மாறிட்டுது, ஏதோ ஒண்டு. எட்டுப் பார்சல்ல லாபம் 4,800. திரும்பின ரெண்டுக்கும் கூரியர் காசு உங்கட தலையில, 900 போட்டுது. மிச்சம் 3,900. இப்ப அந்த ரெண்டு பக்கெற்றும் ரெண்டு கிழமையா வெக்கை வானுக்குள்ளயும் ஸ்ரோருக்குள்ளயும் சுத்திட்டு வந்திருக்கு, அதைத் திருப்பி இன்னொருத்தருக்கு அனுப்ப எனக்கு மனம் வராது, சாப்பாட்டுச் சாமான் அது. ரெண்டுக்கும் 3,800 கழிச்சா மிச்சம் வெறும் 100 ரூவா. பத்துக் கிலோ வறுத்து அரைச்சு ஒட்டிக் கட்டி அனுப்பினதுக்கு நூறு ரூவா. சாறியோ கூடையோ எண்டா திரும்பி வந்ததைப் பிறகும் விக்கலாம், நட்டம் கூரியர் காசோட நிக்கும், அதால அவைக்கு இந்த வழி அவ்வளவு கொல்லாது.

இன்னொண்டு, கூரியர்காரர் வாங்கின காசை உடன தரமாட்டினம், சேத்து வச்சுத்தான் போடுவினம். பார்சல் போய்ச் சேர்ற நாளும் சேத்து பத்து நாள் எண்டு வைப்பம். நாளைக்கு அஞ்சு பார்சல் போனா எந்த நேரமும் அம்பது பார்சலின்ர முதல் வெளிய நிக்கும், 1,900 படி 95,000 ரூவா. அந்தக் காசு இல்லாமலும் நாளைக்கு மிளகாய் வாங்கக் கூடிய ஆளோ நீங்கள் எண்டு கேட்டுப் பாருங்கோ.

நாங்கள் இப்ப செய்யிறது, புது ஆளெண்டா கூரியர் காசை மட்டும் முதல்ல போடச் சொல்லுறது, சாமான் காசு கையில வாங்கேக்க. அந்த நானூற்றி அம்பதைப் போட்ட ஆள் கட்டாயம் போன் எடுப்பார். பார்சல் வெளிக்கிட முதல் ஒருக்கா நேரில கதைக்கிறது, "அண்ணை, நாளைக்கு இல்லாட்டி நாளையிண்டைக்கு வரும், வீட்டில ஆள் நிப்பினமோ, கிட்ட ஏதும் தெரிஞ்ச கடை இருக்கோ" எண்டு. இந்தக் கதை ரெண்டு நிமிசம், இதாலயே திரும்பி வாறது நல்லாக் குறையும். ரெண்டாம் தரம் வாங்கிற ஆள் எண்டா முழுக்காசும் முதல்ல போடுவார், தூள் அவரின்ர குசினிக்குள்ள போய் வந்திட்டுதெல்லோ.

கட்டுறதைப் பற்றியும் ஒண்டு சொல்லிட்டுப் போறன். புதுசா அரைச்ச தூள் சூடு ஆறாமல் பையில போட்டு ஒட்டினா உள்ளுக்க வேர்க்கும், கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சணம். ஒரு இரவு வெள்ளைத் துணியில பரப்பி ஆறவிட்டு, தடிப்பான பையில போட்டு சீலரால ரெண்டு கோடு ஒட்டி, அதை இன்னொரு பைக்குள்ள போட்டு, பிறகுதான் பெட்டி. மிளகாய்த்தூள் ஒரு ஓட்டையால வெளிய வந்தா அந்த மூட்டைக்குள்ள இருக்கிற மற்ற ஆக்களின்ர உடுப்புப் பார்சலும் பழுதாப் போகும், கூரியர்க் கடைக்காரர் அடுத்த முறை உங்களைக் கண்டா முகம் சுழிப்பார். கொழும்புக்கு அவசரமெண்டா இரவு பஸ்ஸில போட்டு விடுறதும் இருக்கு, விடிய ஆள் வந்து எடுக்கலாம், தெரிஞ்ச ஆளுக்கு மட்டும் சரி.

டராஸுக்கு வருவம். அது 2016 இல கேமு எண்ட மற்ற ஓன்லைன் சந்தையைச் சேத்துக் கொண்டு இலங்கையில பெருசானது, 2018 இல சீனத்து அலிபாபா வாங்கினது. டராஸ் தாறது ஒண்டே ஒண்டு, ஆனா அது பெரிய ஒண்டு, உங்களைத் தெரியாத ஆக்கள். மாத்தறையில இருக்கிற ஒரு சிங்கள அம்மா உங்கட தமிழ்ப் பேஸ்புக் பக்கத்தைக் காணவே மாட்டா, ஆனா டராஸில பனங்கட்டி எண்டு தேடினா உங்கட படம் அவவுக்கு முன்னால வரும். தெற்கில பனஞ்சாமானுக்கு நல்ல விருப்பம் இருக்கு, பனையோலைக் கூடை, பெட்டி, தொப்பிக்குச் சொல்லத் தேவையில்ல.

அதுக்கு விலை இருக்கு. சாமான் வகைக்கு ஏத்த கொமிசன், காசு கையாளுறதுக்குக் கட்டணம், நவம்பர் 11 இல வாற 11.11 மாதிரி மலிவு விற்பனை வந்தா விலை குறைக்கச் சொல்லி நெருக்கம். கொமிசன் பத்து வீதம் எண்டு பேச்சுக்கு வச்சா 2,500 இல 250 போகும், உங்கட 600 இப்ப 350. காசு பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு அவையின்ர கணக்கு நாளிலதான் வரும், அதால முடக்கம் கேஷ் ஒன் டெலிவரிக்குக் கிட்டத்தான். எனக்கு இதில கூட உறுத்துறது வேற. வாங்கின ஆள் உங்கட ஆள் இல்ல, டராஸின்ர ஆள். நம்பர் உங்களுக்கு வராது, புது மா வந்திருக்கு எண்டு அவவுக்குச் சொல்ல ஏலாது, அடுத்த முறை அவ தேடேக்க உங்களிலும் இருபது ரூவா குறைய விக்கிற ஆள் மேல நிண்டா அங்க போயிடுவா. அதோட உங்கட தூளையும் வேற எங்கயோ அரைச்சு யாழ்ப்பாணத்துத் தூள் எண்டு பேர் ஒட்டினதையும் பக்கத்தில பக்கத்தில வச்சா படத்தில வித்தியாசம் தெரியாது, விலைதான் தெரியும். தரத்தால விக்கிற சாமானுக்கு இது நல்ல சந்தை இல்ல.

அதால டராஸில நான் போடச் சொல்லுறது பழுதாகாத, உடையாத, படத்தைப் பாத்த உடன விளங்குற சாமான். கூடை, ஓலைப்பெட்டி, பனங்கற்கண்டு, நல்லா ஒட்டின பனங்கட்டி. தூள் போடுறதெண்டா 100 கிராம் பக்கெற் மட்டும், ருசி பாக்கிறவைக்கு. சாப்பாட்டுப் பக்கெற்றில செய்தவரின்ர பேரும் விலாசமும் எப்பிடியும் இருக்கத்தான் வேணும், அந்தப் பேர் வடிவா, பெருசா, தேடினா கிடைக்கிற பேரா இருக்கட்டும். ருசி பிடிச்ச ஆள் தேடி வருவா.

சொந்த வெப்சைற்தான் கனபேர் ஆசைப்படுறது. ஆசை பிழையில்ல. உங்கட பேரில ஒரு கடை, ஒருத்தரும் மறிக்கேலாது, கொமிசன் இல்ல. டொட் எல்கே பேர் எடுக்கலாம், விரும்பினா டொட் இலங்கை எண்டு முழுத் தமிழிலயே விலாசம் எடுக்கலாம், அது எனக்குத் தனிப்பட நல்ல விருப்பமான விசயம். செய்யிறதுக்கு ரெண்டு வழி, ஷொப்பிஃபை எண்ட ஓன்லைன் கடைத் தளத்தில மாச வாடகைக்குச் செய்யிறது, இல்லாட்டி வேர்ட்பிரஸ் எண்ட வெப்சைற் மென்பொருளில வூகொமேர்ஸ் எண்ட கடைப் பகுதியைப் போட்டுச் செய்யிறது. வூகொமேர்ஸ் சும்மா கிடைக்கும், ஆனா வெப்சைற்றை வச்சிருக்கிற இடத்துக்கு ஹோஸ்டிங் காசு, பழுதானா பாக்க ஒரு ஆள் வேணும், அப்டேற் செய்யாமல் விட்டா கள்ளர் பூருவினம். செய்து தந்த தம்பி வெளிநாடு போட்டார், பாஸ்வேர்ட் ஒருத்தருக்கும் தெரியாது எண்ட கதை எங்கட ஊரில கேக்காத கதையில்ல. எதைச் செய்தாலும் டொமைன், அதாவது வெப்சைற் விலாசம், உங்கட பேரில, உங்கட ஈமெயில்ல பதியோணும்.

ஷொப்பிஃபை சுகம், ஆனா டொலர். அமெரிக்க விலைக்கு பேசிக் பிளானை மாசம் மாசம் கட்டினா 39 டொலர், டொலர் 300 ரூவா எண்டா 11,700. எங்கட கணக்கில கிலோக்கு 600 லாபம் எண்டா, மாசம் முதல் இருபது கிலோவும் வாடகைக்கே போகும். 2022 இல டொலர் 200 இல இருந்து 360 தாண்டினதை மறந்திடாதேங்கோ, வாடகை டொலரில இருந்தா உங்கட கையில ஒண்டும் இல்ல. ஷொப்பிஃபையின்ர சொந்தக் காசு வாங்கிற முறை இலங்கைக்கு இல்ல, கார்ட் காசு வாங்கித் தாற ஸ்ட்ரைப்பும் இல்ல, அதால பேஹியர், வெப்எக்ஸ்பே மாதிரி உள்ளூர் ஆக்களைச் சேக்கோணும், அவைக்கு ஒரு வீதம், வெளி ஆளைச் சேத்ததுக்கு ஷொப்பிஃபைக்கு பேசிக் பிளான்ல இன்னொரு 2 வீதம். கொமிசன் இல்ல எண்டு வந்த இடத்தில வேற பேரில கொமிசன் நிக்குது. ஆனா காசு டராஸை விடக் கெதியா வரும், முக்கியமா முதல்ல வரும், பிறகுதான் நீங்கள் அனுப்புறியள்.

வெப்சைற்றின்ர மெய்யான குறை செலவு இல்ல, அங்க ஆள் தானா வராது. ஒழுங்கைக்குள்ள கடை திறந்த மாதிரி, ஆரும் கூட்டிக்கொண்டு வந்தாத்தான் உண்டு. கூட்டிக்கொண்டு வாறதுக்குத் திருப்பியும் பேஸ்புக்கிலதான் நிக்கோணும். அதால ஓடரே இல்லாத ஆள் வெப்சைற் செய்தா ஓடர் வராது. ஓடர் கூடிப்போய் வட்ஸ்அப்பில பதில் சொல்லி ஏலாமல் போன ஆள் செய்தா நேரம் மிஞ்சும்.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் நான் முதல் நாளே வெப்சைற் செய்யுங்கோ எண்டு சொல்லுவன். கேக், பூ, பிறந்தநாள் பரிசு, சாப்பாட்டுப் பெட்டி எண்டு யாழ்ப்பாணத்துக்குள்ள குடுக்கிறவை. ஏனெண்டா இதில காசு தாறது ரொறன்ரோவிலயும் லண்டன்லயும் பாரிஸிலயும் இருக்கிற பிள்ளையள், சாமான் வாங்கிறது கோண்டாவில்லயும் மானிப்பாயிலயும் இருக்கிற அம்மா. கப்ருக்கா எண்ட ஓன்லைன் பரிசுக் கடை இந்த வழியிலதான் பெருசானது, வெளிநாட்டில இருக்கிறவர் கார்ட்டால காசு கட்ட, இஞ்ச வீட்டு வாசல்ல பரிசு வரும். யாழ்ப்பாணத்தில வீட்டுக்கு வீடு வெளிநாட்டில ஒரு ஆள் இருக்கு. அவருக்கு எங்கட பாங்க் கணக்குக்குக் காசு போடுறது கரைச்சல், நேரம் வித்தியாசம், நாங்கள் நித்திரை கொள்ளேக்க அவர் விழிச்சிருக்கிறார், கார்ட்டைப் போட்டு ஓடர் பண்ணிட்டுப் படுக்கத்தான் விரும்புவார். காசு முதல்ல வருது, டெலிவரி மோட்டச்சைக்கிள்ல அஞ்சாறு மைல், திரும்பி வாற பார்சல் எண்டு ஒண்டு கிட்டத்தட்ட இல்ல, அம்மா வீட்டிலதான் நிப்பா. குடுக்கேக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா, அந்தப் போட்டோவைத்தான் அவர் உண்மையா வாங்கினவர். அடுத்த வருசமும் அதே திகதிக்கு வருவார், நீங்களே ஒரு கிழமைக்கு முன்னம் நினைவு படுத்தலாம்.

மற்றப் பக்கம், இஞ்ச இருந்து வெளிநாட்டுக்குத் தூள் அனுப்புற யாவாரம் கேக்க நல்லா இருக்கும், ஆனா வருசா வருசம் இறுகிக்கொண்டு வருது. கனடாவுக்குத் தபால்ல 20 கனடா டொலருக்கு மேல பெறுமதி எண்டா வரி கேக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோக்குக் குடுத்த வரிச்சலுகையை 2021 ஜூலையில நிப்பாட்டிட்டுது. அமெரிக்கா 800 டொலர் வரைக்கும் விட்ட சலுகையை 2025 ஓகஸ்ட் 29 ஓட எல்லா நாட்டுக்கும் நிப்பாட்டிட்டுது. பால் சேந்த சாமானும் இறைச்சியும் ஐரோப்பாவுக்குப் பார்சல்ல போகாது, மோர் மிளகாய் போடுறவை இதைக் கட்டாயம் கவனிக்கோணும், தயிரில ஊறினதுதானே. இதெல்லாம் சேந்து வாங்கிறவர் வாசல்ல கூடக் காசு கட்ட வேண்டி வந்தா அவருக்கு உங்களிலதான் கோபம் வரும். அதால தனித்தனிப் பார்சலை விட, அங்க ஏற்கெனவே இறக்குமதி செய்யிற தமிழ்க் கடைக்காரர் ஒருத்தரைப் பிடிச்சு மொத்தமாக் குடுக்கிறது நல்லது, லாபம் குறைவு, ஆனா முற்பணம் கேட்டு வாங்கலாம். இல்லாட்டி ஊருக்கு வந்திட்டுப் போறவையின்ர பெட்டிக்குள்ள போறதுதான் நடக்கிற காரியம்.

சுப்பர்மார்க்கெற்றுக்குக் குடுக்கிறதைப் பற்றி ரெண்டு வரி. பெருமையா இருக்கும், தட்டில உங்கட பக்கெற் நிக்கும், ஆனா கடனுக்குக் குடுக்கோணும், விக்காதது திரும்பி வரும். முதல் கையில இல்லாதவை கிட்டப் போகாதேங்கோ. இக்மன் எண்ட விளம்பரத் தளத்தில பழைய சைக்கிளும் போனும் விக்கலாம், தூளுக்கு அது இடமில்ல.

எந்த வழியில போனாலும் பிரதேச செயலகத்தில யாவாரப் பேரைப் பதிஞ்சு வையுங்கோ, கிராமசேவகரிட்ட தொடங்கி ஓடித்திரிய வேண்டி வரும், ஆனா அந்தக் கடுதாசி இல்லாமல் யாவாரப் பேரில பாங்க் கணக்குத் திறக்கேலாது, கார்ட்டால காசு வாங்கிறவையும் அதைத்தான் கேப்பினம். சாப்பாட்டுச் சாமானுக்கு லேபிள்ல நிறை, விலை, செய்த திகதி, முடியிற திகதி, விலாசம் இருக்கோணும், பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து கேக்க முதல் நீங்களே அவரைக் கண்டு கதைச்சா வழி சொல்லுவார்.

அப்ப நான் ஆருக்கு என்ன சொல்லுவன் எண்டா, தூள், மா, வடகம் செய்யிறவை வட்ஸ்அப்பிலயே நில்லுங்கோ, முற்பணம் வாங்குங்கோ, வெப்சைற்றைப் பற்றி இப்ப யோசிக்காதேங்கோ. மாசத்து ஓடரில பாதிக்கு மேல பழைய ஆக்களிட்ட இருந்து வரத் தொடங்கின பிறகு ஒரு சின்ன வூகொமேர்ஸ் போதும், பழைய ஆள் "போனமுறை மாதிரி" எண்டு ஒரு தட்டில ஓடர் பண்ணுறதுக்கு. கூடை, ஓலைச் சாமான்காரர் டராஸையும் வட்ஸ்அப்பையும் சேத்துக் கொண்டு போங்கோ, புது ஆள் டராஸில, பெரிய ஓடர் வட்ஸ்அப்பில. சாறி விக்கிற அக்காமாருக்கு பேஸ்புக் லைவ்தான், துணியைக் கையில பிடிச்சு வெளிச்சத்தில காட்டாமல் ஒருத்தரும் வாங்காயினம், விலை கூடின சாறிக்குக் கோகோ, மின்ற்பே மாதிரி மூண்டு தவணையில கட்டுற வசதியைச் சேத்தா தயங்கிறவையும் எடுப்பினம். கேக், பரிசுக்காரர் வெப்சைற்.

தொடங்கிற நேரத்தையும் யோசியுங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டில இருந்து வந்தவை ஊரில நிப்பினம், கடைக்கு வருவினம், தூளை மணந்து பாத்து வாங்குவினம். ஓன்லைன்ல ஒரு வருசம் விளம்பரம் போட்டும் பிடிக்கேலாத ஆக்கள் அந்த நாளில முன்னால நிக்கினம். கொடியேற முதல் கற்றலொக்கும் விலையும் லேபிளும் முடிச்சு வையுங்கோ, வாறவரிட்ட தூளோட உங்கட நம்பரையும் குடுத்து அவரின்ர வெளிநாட்டு நம்பரையும் ஊரில இருக்கிற அம்மாவின்ர விலாசத்தையும் எழுதி எடுங்கோ. தைப்பொங்கலுக்கு அவருக்கு ஒரு மெசேஜ் போடலாம்.